ஆகாயத்தாமரையை அள்ளின பிறகு குளம் பச்சையாகி மீன் சாகுது, எங்கே பிழை?

ஏலாக்கரை:

வணக்கம் அண்ணாச்சிமாரே. கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரம் வட்டத்தில் ஒரு பாசனக் குளம் பற்றிய கேள்வி. பரப்பு 5 ஏக்கர், நிறைந்து நின்றால் சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். சானல் தண்ணீர் வரும். வடக்கு ஓடை வழியாக நாற்பது வீட்டுக் கழிவுத் தண்ணீரும் வந்து விழும். முன்பு தாமரையும் ஆம்பலும் நின்ற குளம். ஆறேழு வருஷமாகக் கரைக்குக் கரை ஆகாயத்தாமரை.

போன மார்ச்சில் ஜேசிபி வைத்து முழுசும் அள்ளிக் கரையிலேயே குவித்தார்கள். ஜூன் வரை தண்ணீர் நன்றாகத்தான் கிடந்தது. ஜூலை கடைசியில் பச்சைப்பயறு அரைத்துக் கரைத்த மாதிரி ஆகிவிட்டது. ஐப்பசி தொடக்கத்தில் மூன்று நாள் வெயிலே இல்லை. நாலாம் நாள் விடியக்காலம் கட்லாவும் ரோகுவும் செத்து மிதந்தன. விரால், தேளிக் கெளுத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஓரமெல்லாம் மறுபடி ஆகாயத்தாமரை.

பிளஸ் டூ பாடத்தில், குளம் தானாகவே தூர்ந்து, சதுப்பாகி, கடைசியில் நிலமாவதைத் தாவர வழிமுறை வளர்ச்சி என்கிறார்கள். அப்படி இயற்கையாக நடப்பதுதான் இது என்றால் நாம் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? இல்லை, வழி உண்டு என்றால் என்ன செய்வது? புல் கெண்டை விடச் சொல்கிறார்கள், படிகாரம் போடச் சொல்கிறார்கள், ஏதோ நுண்ணுயிர்ப் பொடியும் சொல்கிறார்கள்.

வண்டல்:

ஆகாயத்தாமரை, பச்சைத் தண்ணீர், மீன் சாவு மூன்றுக்கும் தீனி போட்டது ஒரே சரக்கு, பாஸ்பரஸ். அது எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று கணக்குப் பார்த்தால் போன வருஷம் நடந்தது முழுசும் விளங்கிவிடும்.

முதலில் ஆக்சிஜன். 5 ஏக்கர் என்றால் 2 ஹெக்டேர். ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு 30,000 கன மீட்டர் தண்ணீர். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டரில் கரையக்கூடிய ஆக்சிஜன் ஏழரை மில்லிகிராம்தான். ஆக உங்கள் குளம் முழுக்க இருக்கிற ஆக்சிஜன் 225 கிலோ. ஒரு கிலோ பாஸ்பரஸ் கிடைத்தால் நுண்பாசி காய்ந்த எடையில் 115 கிலோ வரை வளர முடியும். அவ்வளவும் செத்து அழுகுவதற்கு 140 கிலோ ஆக்சிஜன் வேண்டும். ஒன்றரைக் கிலோ பாஸ்பரஸ் கூடுதலாக வந்தாலே குளத்தின் இருப்பைக் கிட்டத்தட்ட மொத்தமாகத் தின்றுவிடப் போதும். 50 கிலோ டிஏபி உர மூட்டை ஒன்றில் 10 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது, பார்த்துக்கிடுங்க. காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருக்கும், பாசியும் ஒரே நாளில் மொத்தமாகச் சாகாது. அதனால்தான் தினம் மீன் சாவதில்லை.

சாவது எப்போது என்றால் மேகம் மூடிய மூடாக்கு நாளில். பாசி பகலில் ஆக்சிஜன் விடும், ராத்திரி அதுவே எடுத்துக்கொள்ளும். பச்சைக் குளத்தில் மத்தியானம் அளந்தால் 10, 12 மில்லிகிராம் காட்டும், எல்லாம் நல்லாயிருக்கு என்று தோன்றும். அதே இடத்தில் காலை ஐந்தரைக்கு அளந்தால் 2. மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால் பகல் வரவு கிடையாது, ராத்திரிச் செலவு மட்டும் நிற்காது. நாலாம் நாள் விடியலில் கஜானா காலி. கட்லாவும் ரோகுவும் செவுளை மட்டும் நம்பியவை. விரால், தேளிக் கெளுத்தி, பனையேறிக் கெண்டை எல்லாம் மேலே வந்து காற்றையே குடிக்கும். இவை பிழைத்து அவை செத்தால் விஷம் கலந்தார்களோ என்று தேட வேண்டாம், ஆக்சிஜன் தீர்ந்ததுதான் காரணம்.

இனி நீங்கள் அள்ளிய ஆகாயத்தாமரைக்கு வருவோம். அடர்ந்து கிடந்தால் ஹெக்டேருக்குப் பச்சை எடையில் 200 டன் என்று வைக்கலாம், உங்கள் குளத்துக்கு 400 டன். அதில் தண்ணீர் போக 6 சதவீதம்தான் சரக்கு, 24 டன். சரக்கில் 0.3 சதவீதம் பாஸ்பரஸ் என்றால் 72 கிலோ. ஏழு மூட்டை டிஏபியைக் குளத்திலிருந்து எடுத்துக் கரையில் வைத்த மாதிரி. ஜூன் மழையில் குவியல் அழுகி, அதன் சாறு சரிவு வழியாகத் திரும்பக் குளத்துக்கே இறங்கியது. மேலே மூடியிருந்த இலையும் இல்லாததால் வெயில் நேராகத் தண்ணீரில் விழுந்தது. உணவும் வெளிச்சமும் ஒன்றாகக் கிடைத்தால் பாசி ஏன் விடும்? ஜூலையில் பச்சையானது அதனால்தான்.

நைட்ரஜன் அதிகமானால் நுண்ணுயிர்கள் அதை வாயுவாக்கி மேலே அனுப்பிவிடும். பாஸ்பரஸுக்கு அந்த வாசல் இல்லை. செடியாக, மீனாக, வண்டலாக, குளம் நிறைந்து மறுகால் பாய்கிற தண்ணீராக, இந்த நாலு வழியில்தான் வெளியேறும். பொடி விற்கிறவர்களிடம் இதைக் கேளுங்கள்: நுண்ணுயிர் தின்ற பாஸ்பரஸ் பிறகு எங்கே போகும்? கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் 226-ஆம் எண் ஏரி என்று ஒன்று, இடுப்பு ஒடுங்கிய ஏரி. 1973-ல் டேவிட் ஷிண்ட்லர் குழு அந்த ஒடுக்கத்தில் திரை கட்டி, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்துப் போட்டது. பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பச்சையானது. நைட்ரஜன் போதாவிட்டால் நீலப்பச்சைப் பாசிகளில் சில காற்றிலிருந்தே பிடித்துக்கொள்ளும். அதனால் நைட்ரஜனை மட்டும் குறைத்து இதை அடக்க முடியாது.

படிகாரம் பாஸ்பேட்டைப் பிடித்து அடியில் உட்கார வைக்கும், அது உண்மைதான். காரத்தன்மை குறைந்த தண்ணீரில் போட்டால் அமிலம் ஏறி மீன் செத்துப்போகும். வடக்கு ஓடை வந்துகொண்டிருக்கும்வரை அடுத்த மாதம் இன்னொரு மூட்டை வாங்க வேண்டும். வேண்டாத செலவு.

பனையேறி:

மீன் பக்கத்தை நான் சொல்கிறேன்.

புல் கெண்டை விடாதீங்க. அதற்குப் பிடித்தது வேலம்பாசி மாதிரி தண்ணீருக்குள் நிற்கிற மெல்லிய செடி. ஆகாயத்தாமரையை வேறு வழி இல்லாவிட்டால் கொஞ்சம் கொறிக்கும். அடியில் நிற்கிற செடிதான் மண்ணைப் பிடித்து வைக்கிறது, நுண்பாசிக்குப் போகவேண்டிய உணவைத் தான் எடுத்துக்கொள்கிறது, மீன் குஞ்சுக்கும் நீர்த்தெள்ளுக்கும் ஒளிய இடம் தருகிறது. அது போனால் குளம் கலங்கலிலேயே நின்றுவிடும்.

சாதாக் கெண்டையும் வேண்டாம், அடி மண்ணைக் கிளறியே தின்னும். கட்லா மேல்தட்டில் விலங்கு மிதவையுயிரிகளை வடிகட்டித் தின்னும். பாசியை மேய்கிற நீர்த்தெள்ளும் (டாஃப்னியா) அதில் அடக்கம். மேய்கிறதைத் தின்றுவிட்டால் பாசிக்குக் கொண்டாட்டம். ஐரோப்பாவில் சின்ன மீனைப் பிடித்துப் போட்டு, பெரிய வேட்டை மீனை விட்டு, ஏரிகளைத் தெளிய வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்த வித்தை அவ்வளவு பலிக்காது. திலேப்பியா வருஷம் முழுக்கக் குஞ்சு பொரிக்கும், எத்தனை விரால் விட்டாலும் தின்று தீராது. ஆனாலும் விராலைக் கண்ணி வைத்துத் துடைத்து எடுக்காமல் விடுங்கள். திலேப்பியாவை வலை போட்டு முடிந்த மட்டும் பிடியுங்கள். ஒரு டன் மீன் வெளியே போனால் 5 கிலோ பாஸ்பரஸ் அதோடு போகும்.

வண்டல் அண்ணன் ஆக்சிஜனோடு நிறுத்திவிட்டார், அம்மோனியா இன்னொரு எமன். பாசி பகலில் தண்ணீரிலுள்ள கரியமிலத்தை உறிஞ்ச உறிஞ்ச, சாயங்காலம் அமில-கார அளவான பிஹெச் 9-ஐத் தாண்டும். பிஹெச் ஏழரையில் இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 9-ல், 30 டிகிரியில், கிட்டத்தட்டப் பாதி. சாயங்காலம் நாலு மணிக்கு மீன் சுற்றிச் சுற்றி நீந்தினால் அம்மோனியா, விடியக்காலம் வாய் பிளந்து மேலே வந்து நின்றால் ஆக்சிஜன் என்று பிரித்துப் பார்க்கலாம்.

மூடாக்கு இரண்டாம் நாளே ராத்திரி 2 மணியிலிருந்து விடிகிறவரை மோட்டார் வைத்துத் தண்ணீரை அடித்துச் சிதற விடுங்கள். 5 குதிரைத்திறன் பம்பு குளம் முழுக்கக் காப்பாற்றாது, ஒரு மூலையில் மீன் வந்து ஒதுங்க இடம் கிடைக்கும். அன்றைக்குத் தீவனம் போடக் கூடாது.

ஏலாக்கரை:

நன்றி அண்ணாச்சி. கருவி எதுவும் கையில் இல்லை. குளம் தேறுகிறதா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பது? வழிமுறை வளர்ச்சி பற்றிக் கேட்டதற்கும் யாராவது சொல்லுங்கள்.

தாழைக்கோழி:

20 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டத் தகடு. நாலு கால்வட்டமாகப் பிரித்து, எதிரெதிராகக் கறுப்பு, வெள்ளை பெயின்ட். நடுவில் ஓட்டை, கயிறு, அடியில் ஒரு கல். கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. காலை 10-லிருந்து 2 மணிக்குள், வள்ளத்தின் நிழல் பக்கம் இறக்குங்கள். தகடு மறைகிற ஆழத்தையும், தூக்கும்போது மறுபடி தெரிகிற ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுங்கள். வெளிச்சம் செடி வளரப் போதுமான அளவில் இறங்குவது அந்த ஆழத்தின் இரண்டு, இரண்டரை மடங்குதான். 20 சென்டிமீட்டரில் தகடு மறைந்தால், அரை மீட்டருக்குக் கீழே விதை விழுந்தாலும் முளைத்து மேலே வர வழி இல்லை. மாதம் இரு தடவை எழுதி வைத்தால் கருவிக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

வழிமுறை வளர்ச்சி விஷயம். பாடத்தில் சொல்வது சரிதான்: திறந்த நீர், மிதக்கும் செடி, சம்பும் கோரையும், சதுப்பு, பிறகு நிலம். அதற்கு நூற்றாண்டுகள் பிடிக்கும், வண்டல் படிகிற வேகத்தில் நடக்கும். உங்கள் குளத்தில் ஆறேழு வருஷத்தில் நடந்திருப்பது உணவு மிகைப்பு, அதாவது பாஸ்பரஸ் மாதிரிச் சத்து அளவுக்கு மீறிச் சேர்வது. இன்னொன்று, நாஞ்சில் நாட்டுக் குளங்கள் மனிதன் வெட்டியவை. வருஷா வருஷம் வற்ற விட்டு, வண்டல் அள்ளி, மடையைச் சரிபார்த்து, குடிமராமத்து செய்து, அந்த வளர்ச்சியை முதல் படியிலேயே பிடித்து நிறுத்தி வைத்தார்கள். வயலில் களை எடுக்கிற மாதிரிதான். அந்தக் குறுக்கீட்டை நம்பித்தான் தாமரையும், ஆம்பலும், மிதக்கும் இலைமேல் நடக்கிற இலைக்கோழிப் பறவையும் அங்கே இருந்தன. சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் 2022-ல் ராம்சார் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறின. அவையும் பாசனக் குளங்களாக இருந்து வந்தவைதான்.

வற்ற விடுவதில் ஒரு வேதியியலும் உண்டு. வற்றிக் காற்றுப் பட்ட அடி மண்ணில் பாஸ்பேட்டை இரும்பு பிடித்து வைத்திருக்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால் இரும்பு பிடியை விடும், பாஸ்பேட் மேலே வரும். வடக்கு ஓடையை இன்றே அடைத்தாலும் சில வருஷம் தண்ணீர் பச்சையாகவே இருப்பது இதனால்தான். குளம் முன்பு தெளிந்திருந்த அளவுக்கு வரவைக் குறைத்தால் போதாது, அதற்கும் கீழே இறக்கினால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். தெளிந்த நிலைக்கும் கலங்கிய நிலைக்கும் நடுவில் ஒரு மேடு இருக்கிறது. வண்டியைத் தள்ளிப் பாதி மேட்டில் விட்டால் திரும்ப உருண்டு வந்துவிடும், போன வருஷம் நடந்த மாதிரி.

ஒரு எச்சரிக்கை. காய்ந்த மண்ணில் முதல் தண்ணீர் ஏறும்போது கொஞ்சம் பாஸ்பேட் கரைந்து வெளியே வரும். முடிந்தால் அந்த முதல் தண்ணீரை மடை வழியாக வயலுக்கு விட்டுவிடுங்கள். நெல்லுக்கு அது உரம்.

வண்டல்:

இனி செய்கிற வேலை. சானலுக்கு வருகிற பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். நமக்குக் கிடைப்பது மார்ச், ஏப்ரல், மே.

தண்ணீர் இறங்க இறங்க ஆளை விட்டு வேரோடு இழுக்க வேண்டும். ஜேசிபி வாளி செடியை நறுக்கும், ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடி. மிஷின் வைத்துத்தான் ஆக வேண்டுமானால் கம்பு வாளி, பல்லு இடைவெளி கொண்டது, போடச் சொல்லுங்கள். பூ விடும் முன்பே முடியுங்கள், விதை சேற்றில் பதினைந்து இருபது வருஷம் கிடந்தும் முளைக்கும். களைக்கொல்லி அடித்துவிடாதீங்க. செத்த மெத்தை மொத்தமாக ஒரே வாரத்தில் அடியில் போய் அழுகும், மிச்சமிருக்கிற ஆக்சிஜனும் போகும்.

அள்ளியதை இரண்டு நாள் வாட விட்டு, எடை குறைந்ததும் மறுகாலுக்கு அந்தப்பக்கம், மழைத் தண்ணீர் குளத்துக்குத் திரும்பாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். விரல் நீளத்துக்கு நறுக்கி, நாலு பங்குக்கு ஒரு பங்கு சாணம் கலந்து, ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் குவியுங்கள். கையில் பிழிந்தால் ஈரம் தெரியணும், சொட்டக் கூடாது. உள்ளே சூடு 55 டிகிரிக்கு மேல் மூன்று நாள் நின்றால்தான் களை விதை சாகும். அதனால் பதினைந்து நாளுக்கொரு தடவை ஓரத்தை நடுவுக்குத் திருப்பிப் போடுங்கள். இரண்டு மாதத்தில் தென்னை மூட்டுக்கும் வாழைக்கும் போடலாம். குவியல் குளிர்ந்தே கிடந்தால் ஈரம் அதிகம் அல்லது சாணம் குறைவு.

எல்லாம் அள்ளியாச்சு என்று விடக் கூடாது. ஒரு சதவீதம் மிச்சம் இருந்து, இரண்டு வாரத்துக்கொரு தடவை இரட்டித்தால், ஏழு தடவையில் குளம் நிறையும். மூன்றேகால் மாதம், அவ்வளவுதான். இதற்கு நம் ஊர் காற்றே உதவும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் நோக்கி வீசுகிற மேல்காற்று மிச்சமெல்லாம் கிழக்குக் கரையில் கொண்டு ஒதுக்கும். பதினைந்து நாளுக்கொரு தடவை இரண்டு ஆள் அங்கே நின்று பொறுக்கினால் போதும். குளம் முழுக்க வள்ளத்தில் சுற்ற வேண்டாம்.

வண்டல் எடுக்கத் தாலுகா அலுவலகத்தில் அனுமதி வாங்கி, மேல் 15 சென்டிமீட்டர் மட்டும் எடுங்கள். கரையின் உள்பக்க அடியைத் தொடக் கூடாது, கரை சரியும். அடியிலுள்ள களிமண் படிவத்தைக் கிழித்தால் குளம் தண்ணீர் நிறுத்தாது. பாத்திரம் மாதிரி செங்குத்தாகத் தோண்டி வைத்தால் ஓரத்தில் செடி நிற்க இடமே இருக்காது.

வடக்கு ஓடைக் கணக்கு: நாற்பது வீடு, 160 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை கிராம் பாஸ்பரஸ் என்றால் வருஷத்துக்கு 88 கிலோ. கக்கூஸ் தண்ணீர் சேராமல் குளிக்கிற, துவைக்கிற தண்ணீர் மட்டும் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 29 கிலோ. கக்கூஸ் தண்ணீர் சேராமல் இருந்து, நீங்கள் வருஷத்துக்கு 72 கிலோ உண்மையாகவே வெளியே கொண்டுபோனால் கணக்கு நம் பக்கம். கரையில் குவித்தால் கணக்கே இல்லை.

தாழைக்கோழி:

ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. முழுசும் வழிக்கக் கூடாது. ஓடை விழுகிற வடக்கு மூலையில் மூங்கில் நட்டு, வலை கட்டி, அரை ஏக்கர் ஆகாயத்தாமரையை அடைத்து வையுங்கள். பாஸ்பரஸை அது அங்கேயே உறிஞ்சும், மாதம் ஒரு தடவை பாதியை அறுவடை செய்யலாம்.

வண்டல்:

அறுவடை நின்ற மாதமே அது குப்பைக்கிடங்கு ஆகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் ஓடை பெருகி வந்தால் வலை போகும், மொத்தமும் குளத்துக்குள். அதைவிட ஓடை முகத்தில் ஒரு வண்டல் குழி, அடுத்து 60 சென்டிமீட்டர் ஜல்லி போட்டுக் கல்வாழையும் சம்பும் நட்ட படுகை நல்லது. ஆளுக்கு ஒன்றிலிருந்து இரண்டு சதுர மீட்டர், ஆக 160 பேருக்கு நாலிலிருந்து எட்டு சென்ட் இடம். மழை வெள்ளம் சுற்றிப்போகத் தனி வாய்க்கால் வேண்டும், இல்லாவிட்டால் முதல் வெள்ளத்திலேயே ஜல்லியை மண் அடைத்துவிடும். சில வருஷத்தில் ஜல்லி பாஸ்பேட் பிடிப்பது குறையும், செடியை வெட்டி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதிலும் வேலை உண்டு, ஆனால் உடைந்தால் குளம் மூழ்காது.

தாழைக்கோழி:

வெள்ளம் பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். தெற்கு, மேற்கு ஓரச் சம்பையும் கோரையையுமாவது விடுங்கள். தாழைக்கோழிப் பறவை கூடு கட்டுவது அதில்தான். இலைக்கோழி ஆகாயத்தாமரை மேலும் நடக்கும், அதனால் அதைப் பார்த்துவிட்டுக் குளம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஏலாக்கரை:

கடைசியாக ஒன்று அண்ணாச்சி. தாமரையைத் திரும்ப நட வேண்டுமா, தானாக வருமா?

தாழைக்கோழி:

விதை சேற்றில் இருக்கும். சீனத்தில் கிடைத்த 1,300 வருஷப் பழைய தாமரை விதையை முளைக்க வைத்திருக்கிறார்கள், உங்களுடையது போன தலைமுறை விதைதான். மே மாதம் சேறு வெடித்துக் காய்ந்து, ஜூனில் தண்ணீர் முழங்கால் அளவு நிற்கும்போது பாருங்கள். தகடு 40 சென்டிமீட்டருக்குக் கீழேயும் தெரிந்தால் ஆடி முடிவதற்குள் சின்ன இலை மிதக்கும். வராவிட்டால் மட்டும் பக்கத்துக் குளத்திலிருந்து, இரண்டு மூன்று கணு உள்ள கிழங்குத் துண்டு கொண்டுவந்து, நுனி மொட்டு ஒடியாமல், படுக்கை வாக்கில் சேற்றில் அமுக்குங்கள். வேரில் ஆகாயத்தாமரைக் குஞ்சு ஒட்டியிருக்கா என்று அலசிப் பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள். தாமரை வந்த பிறகு குத்தகைக்கு விட்டால், உரம் போடக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கிடுங்க.